பகலில் தேடினால் தேவாங்கு கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகில் அமையவிருக்கும் கல்குவாரிக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில், பாதுகாக்கப்பட்ட உயிரினம் எதுவும் அங்கே காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கரட்டில் தேவாங்கு இருப்பதை நாங்கள் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். குவாரிக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு எழுதும் அறிக்கையை எப்படி நம்புவது?
– ஒரு வாசகர், மணப்பாறை வட்டம்

பதில்: உங்கள் ஐயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அறிக்கையைத் தயாரிக்க வேண்டியது திட்டத்தைக் கொண்டுவருபவரின் பொறுப்பு. ஆகவே ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவரும் அவருக்குக் கட்டணம் தருபவரும் அவரே. இந்தியத் தர மன்றத்தின் கீழ் இயங்கும் நாபெட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் அறிக்கை தயாரிக்க வேண்டும், சூழலியலுக்கும் பல்லுயிரியத்துக்கும் தனி வல்லுநர் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இருந்தாலும், கட்டணம் வரும் வழி மாறாதவரை ஐயமும் மாறாது. அந்தத் தொகையை அரசு ஒரு பொது நிதியில் பெற்றுக்கொண்டு, ஆலோசகரையும் அரசே நியமிக்கலாம் என்பது என் கருத்து.

ஆயினும், ஆலோசகர் உண்மையை மறைத்துவிட்டார் என்று தொடங்குவதைவிட, அவர் எப்போது, எப்படித் தேடினார் என்று கேட்பது வலுவான வாதமாக அமையும். தேவாங்கு முற்றிலும் இரவில் நடமாடும் விலங்கு. பகலில் முட்புதர்களின் அடர்ந்த கிளைகளுக்குள் சுருண்டு உறங்கும். அதைக் கணக்கெடுப்பவர்கள் இருட்டிய பிறகு, சிவப்புத் தாள் ஒட்டிய தலைவிளக்குடன் மெல்ல நடந்து, ஒளிபட்டு மின்னும் கண்களைக் கொண்டே அதை அடையாளம் காண்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஜீப்பில் வந்து மாலை நான்கு மணிக்குத் திரும்புபவர்களின் பட்டியலில் தேவாங்கு இல்லாமல் போவதில் வியப்பில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் உங்கள் வட்டத்துக்கு வெகு தொலைவில் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு அருகே இரவு ஆய்வு செய்யாமல் விட்டிருந்தால் அது பெரிய குறையே.

பருவமும் அவ்வளவு முக்கியமானது. அடிப்படைத் தரவுகள் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தில் திரட்டப்படுகின்றன. கோடையில் போனவருக்கு மழைத்தவளைகளும் தெரியாது, குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளும் தெரியாது. எனவே அறிக்கையில் ஆய்வு நடந்த தேதிகள், நேரம், நடந்த பாதைகள், தானியங்கிக் கேமரா வைத்த இடங்கள், வல்லுநரின் பெயரும் தகுதியும் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். அந்த மண்ணில் வளரவே வாய்ப்பில்லாத மரங்கள் பட்டியலில் இருந்தால், அது வேறோர் ஊரின் அறிக்கையிலிருந்து பெயர்த்தெழுதியதா என்று கேட்பதிலும் தவறில்லை.

உங்கள் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் படிக்கலாம், அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதோடு நிறுத்தாமல், தேதியும் இடமும் குறித்த படங்களுடன் எழுத்துமூலமாகவும் கொடுங்கள். முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கவும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் அதே அறிவிக்கை இடம் தருகிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி உங்கள் ஊராட்சியில் இருக்க வேண்டிய, உள்ளூர் உயிரினங்களைப் பதிந்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் தேவாங்கு இடம்பெற்றுள்ளதா என்றும் பாருங்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தபோது, மக்களின் போராட்டத்தோடு அந்த அறிவிப்பும் ஒரு காரணமாக அமைந்தது.

கேள்வி: எங்கள் ஆலைக்கான ஆய்வில் மயில்கள் இருப்பதாக எழுதிவிட்டு, அவற்றுக்குப் பாதுகாப்புத் திட்டமும் அதற்கு நிதியும் வேண்டும் என்கிறார் ஆலோசகர். ஊரெல்லாம் மயில் திரிகிறதே, அது எப்படி அழியும் இனமாகும்?
– ஒரு தொழில்முனைவோர், திருப்பூர்

பதில்: அழியும் இனமன்று. உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் செம்பட்டியலில் மயில் கவலைக்குரிய நிலையில் இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது, உங்கள் ஆலோசகர் பார்ப்பது அதைத்தான். அந்த அட்டவணை விலங்கு இருந்தால் பாதுகாப்புத் திட்டம் தயாரித்து வனத்துறையின் ஒப்புதல் பெறுவது வழக்கம். நிதி ஒதுக்குவதை மறுக்காதீர்கள். அது எதற்குச் செலவாகிறது என்று கேளுங்கள். சில மரக்கன்றுகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் எல்லா அறிக்கைகளுக்கும் பொதுவான திட்டமாகிவிட்டன, மயிலுக்கும் அவற்றுக்கும் தொடர்பிருந்தாலும் இல்லாவிட்டாலும். இதற்கு மாறாக, மேற்குத் தொடர்ச்சி மலையில் அழிவை எதிர்நோக்கும் மரவகைகள் பல எந்த அட்டவணையிலும் இல்லாததால் ஆய்வாளரின் கண்ணிலேயே படாமல் போகின்றன. நல்ல ஆலோசகர் இரண்டு பட்டியல்களையும் வைத்துக்கொண்டு வேலை செய்வார்.

கேள்வி: வன உயிரின ஆய்வு ஆலோசகராக விரும்புகிறேன். என்ன படிக்க வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் ஊரை ஒட்டிய மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலேயே வன உயிரியல் படிப்பு இருக்கிறது. உதகை அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. முதுநிலைக்கு டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தை முயன்று பாருங்கள். பட்டத்தோடு சில ஆண்டுக் கள அனுபவமும் சேர்ந்தால்தான் அறிக்கைகளில் வல்லுநராகக் கையெழுத்திட அங்கீகாரம் கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடித்து ஆராய, ஆலோசகராகவே இருந்தாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பதை முதல் களப்பணிக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.