வரிப் பதிவை ரத்து செய்தால் பிணையும் விடுபடுமா?

கேள்வி: திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு டீசலும் இன்ஜின் ஆயிலும் விற்று வந்தேன். கடையை மூடி இரண்டு மாதமாகிறது. வணிக வரித்துறைக்குப் பிணையாகக் கொடுத்த பேங்க் கியாரண்டிக்கு (நான் வரி கட்டாவிட்டால் வங்கி கட்டும் என்ற உத்தரவாதம்) வங்கி இன்னும் கமிஷன் பிடிக்கிறது. நண்பர் ஒருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வரிப் பதிவை ரத்து செய்தால் எல்லாம் முடிந்துவிடுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியாது சார். பதிவை ரத்து செய்வது ஒரு வேலை, பிணையை மீட்பது இன்னொரு வேலை. பலர் முதல் வேலையோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வங்கி மட்டும் வருஷா வருஷம் மறக்காமல் கமிஷனை எடுத்துக்கொள்கிறது.

உங்களுக்கு இரண்டு பதிவுகள் இருக்கும். டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. 2006-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரி (வாட்) சட்டத்தில்தான் இருக்கிறது. இன்ஜின் ஆயிலுக்கு ஜிஎஸ்டி, 18 சதவீதம். ஒன்றை ரத்து செய்தாலும் மற்றது ரிட்டர்ன் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் பிணைப் பத்திரத்தை எடுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்தது என்று பாருங்கள்.

ஜிஎஸ்டியில், கடை மூடிய 30 நாளுக்குள் பதிவை ரத்து செய்யக் கேட்கும் ஆர்இஜி-16 படிவம் போட வேண்டும். நாள் கடந்துவிட்டது, சரி, இப்போதே போடுங்கள். கையிருப்பு ஆயில் டின்களுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்காக நீங்கள் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன். இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

டீசலுக்கு உங்கள் வரி விதிப்பு வட்ட அலுவலகத்தில், மூடிய தேதியைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். மாநிலத்துக்குள் நடக்கும் முதல் விற்பனையிலேயே எண்ணெய் நிறுவனம் வரியைக் கட்டிவிடுகிறதே, அப்புறம் எனக்கென்ன பாக்கி என்று கேட்பீர்கள். நீங்கள் விற்றது வரி கட்டிய சரக்குதான் என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். பில் இல்லாத ஒரு லோடு இருந்தாலும் அதிகாரி அங்கேதான் கை வைப்பார். கொள்முதல் பில்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பதிவு ரத்தானாலும் அதற்கு முந்தைய பாக்கி அப்படியே நிற்கும். அதனால்தான் மூடிய தேதி வரையிலான கணக்கு முடியும்வரை பிணையை விடமாட்டார்கள். கணக்கு முடிந்ததும் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள்: பாக்கி இல்லை என்று எழுதித் தர வேண்டும், கியாரண்டியின் அசலைத் திருப்பித் தர வேண்டும், வங்கிக்கு விடுவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். நகலில் ஒப்புகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

புதுப்பிக்காமல் விட்டால் கியாரண்டி தானே செத்துப்போகும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். காலாவதிக்கு முன்பே பணத்தைக் கேட்டு வங்கிக்குத் துறை எழுதிவிடலாம்.

நண்பர் விஷயம். தொடர் ஜாமீன் (ஒரு தடவைக்கு மட்டுமல்லாமல் தொடர்ந்து வரும் கொடுக்கல் வாங்கலுக்கெல்லாம் பொறுப்பேற்பது) கொடுத்தவர் நோட்டீஸ் கொடுத்து இனி வரும் கொடுக்கல் வாங்கலிலிருந்து விலகிக்கொள்ள 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு இடம் தருகிறது. பழைய பாக்கிக்கு அவர் பொறுப்பு நீங்காது. பத்திரத்தில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிட்டு, நோட்டீஸை அவர் துறைக்கு அனுப்பட்டும். உங்களிடம் வாயால் சொன்னால் செல்லாது.