வாங்காதவர் போட்ட ஒற்றை நட்சத்திரம்: என்ன பதில் எழுதுவது?

வணக்கம் சகோதரி. உங்களிடம் எதுவுமே வாங்காத ஒருவர் கூகுள் மேப்ஸில் ஒரு நட்சத்திரம் போட்டு "முறுக்கில் முடி" என்று எழுதிவிட்டார், ராத்திரி தூக்கமே இல்லை என்கிறீர்கள். வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் இன்றைக்கே பதில் எழுத உட்காராதீர்கள்.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் ஆர்டர் நோட்டை நிதானமாகப் புரட்டுங்கள். வேறு யார் மூலமாவது வாங்கியிருக்கலாம். இல்லை என்று உறுதியானால் உங்கள் பிசினஸ் கணக்கிலிருந்து புகார் கொடுங்கள். உண்மையான அனுபவம் இல்லாமல் எழுதுவது கூகுள் விதிக்கு எதிரானது. ஆனால் நாம் பொய் என்று சொன்னதற்காக மட்டும் நீக்கிவிட மாட்டார்கள். பார்க்கச் சில நாள் ஆகும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு.

பதிலை அவர் படிப்பாரோ மாட்டாரோ, நாளைக்கு முறுக்கு வாங்க நினைப்பவர் கட்டாயம் படிப்பார். அவருக்காக எழுதுங்கள்: "உங்கள் பெயரில் ஆர்டர் எதுவும் எங்களிடம் இல்லை. வாங்கிய தேதியைச் சொன்னால் உடனே விசாரிக்கிறோம். தலையுறை போட்டுத்தான் சமைக்கிறோம்." கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும். பக்கத்துக் கடைக்காரர் மேல் சந்தேகம் இருந்தாலும் அங்கே எழுத வேண்டாம். சொந்தக்காரர்களை ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். அதுவும் விதிமீறல்தான்.

எழுதியதை அனுப்புமுன் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.