ஸ்பெயின் பேப்பருக்காக நிலத்தை விற்காதீர்கள்

கேள்வி: என் மகன் இரண்டு வருடமாக பார்சிலோனாவில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறான். விசா முடிந்துவிட்டது. ஆறு லட்சம் கொடுத்தால் அகதி மனு போட்டு 'பேப்பர்' வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். இரண்டு மா நிலத்தை விற்கலாமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: விற்காதீர்கள் ஐயா. அந்த அகதி மனுவும் வேண்டாம்.

ஸ்பெயினில் 'அர்ராய்கோ' என்று ஒரு வழி உண்டு. வேர் பிடித்தல் என்று பொருள். விசா இல்லாவிட்டாலும், தொடர்ந்து இரண்டு வருடம் அங்கேயே வாழ்ந்ததைக் காட்டி ஒரு வருடக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். வேலை பார்க்கும் உரிமையும் அதோடு வரும். முன்பு மூன்று வருடம் கேட்டார்கள். 2025 மே 20 முதல் இரண்டு போதும். உங்கள் மகனுக்குப் பொருந்துவது வேலை ஒப்பந்தப் பிரிவு. வாரம் 20 மணி நேரமாவது வேலை, சட்டப்படியான குறைந்தபட்ச சம்பளம், இரண்டும் எழுத்தில் வேண்டும். முதலாளி கையெழுத்துப் போடுவாரா என்று கேட்கச் சொல்லுங்கள். குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும்; அதை அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகவே கேட்கலாம்.

அகதி மனுவை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது நிலுவையில் இருக்கும் காலம் இந்த இரண்டு வருடக் கணக்கில் சேராது. நிலுவையில் இருக்கும்போது அர்ராய்கோ கேட்கவும் முடியாது. ஒன்றரை வருடம் இழுத்து நிராகரித்தால் அந்த ஒன்றரை வருடமும் போனதுதான். உயிருக்கு ஆபத்து உள்ளவருக்கான மனு அது; உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இல்லையே. இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார். போர்ச்சுகலுக்குப் போகச் சொன்னாலும் கேட்காதீர்கள், அங்கிருந்த வழியை 2024 ஜூனில் மூடிவிட்டார்கள்.

அப்புறம், அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாகும் 'பத்ரோன்' எனும் நகராட்சிப் பதிவேடு. பெயர் சேர்க்கக் காசு கிடையாது. விசா இல்லாதவரையும் சேர்த்தாக வேண்டும். ஆனாலும் படுக்க இடம் கொடுத்தவரே கையெழுத்துக்கு யூரோ கேட்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். போனவுடனே பெயர் சேர்த்திருந்தால், உங்கள் மகனுக்கு அந்தக் கெடு இப்போதுதான் வருகிறது.

வீட்டு பீரோவில் அவன் பணம் அனுப்பிய ரசீதுகள் இருக்கும். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தைப் பாருங்கள். அவன் பெயரும் தேதியும் இருந்தால் அதுவும் சாட்சி. அறைத் தோழன் பெயரில் அனுப்பியிருந்தால் உதவாது.

விண்ணப்பிக்க நேரம் வாங்குவதும் இலவசம்தான். ஆனால் இணையத்தில் எப்போது பார்த்தாலும் இடமில்லை. அதே இடத்தைத் தரகர்கள் விற்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளை இப்படித் தரகர் கையில் தள்ளிவிடுகிற ஏற்பாட்டை நினைத்தால் வயிறு எரிகிறது. அதற்கும் பணம் கட்டாதீர்கள். விடியற்காலையில் திரும்பத் திரும்ப முயலட்டும்.

இன்றிரவு அவன் பேசும்போது, பத்ரோனில் பெயர் சேர்ந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.