ஸ்லாக் கலந்த கான்கிரீட் உப்புச் சோதனையில் உதிர்ந்தால் ஒதுக்கிவிட வேண்டுமா?

கேள்வி: ஒன்டாரியோவில் வீட்டு டிரைவ்வே, நடைபாதை போடும் தொழில் செய்கிறேன். சிமென்டில் 35 சதவீதம் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடின் தூள்) கலந்த கலவையைத் தருவதாக ரெடிமிக்ஸ்காரர் சொல்கிறார். அவர் காட்டிய அறிக்கைப்படி 300 சுற்று (உறைந்து உருகுவது ஒரு சுற்று) உறைபனிச் சோதனையில் அது நன்றாகத் தேறியிருக்கிறது. பனியுருக்கும் உப்புக் கரைசலை மேலே விட்டு உறைய வைக்கும் உப்புச் சோதனையில் மேற்பரப்பு மோசமாக உதிர்ந்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். 300 சுற்றுச் சோதனை (அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் சி666) கான்கிரீட்டின் உட்புறம் விரிசல் விடுகிறதா என்று பார்ப்பது. உள்ளே இருக்கும் நீர் உறையும்போது அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள நுண்காற்றுக் குமிழ்கள் போதுமா என்பது அதில் தெரிந்துவிடும். உப்பு உதிர்வோ மேலே உள்ள சில மில்லிமீட்டரின் விவகாரம். அதுவும் 3 சதவீதம் போன்ற நீர்த்த கரைசல்தான் அதிகம் கெடுக்கும், அடர்ந்த கரைசல் அல்ல.

ஸ்லாக், ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) இரண்டுமே மெதுவாக வலுப்பெறுபவை. இறுகவும் நேரமாகும் என்பதால் மேலே நீர் கசிந்து வருவதும் நீளும். அது அடங்குமுன் கரண்டியால் தேய்த்தால் அந்த நீர் மேல்தோலுக்குள்ளேயே சிக்கி, அதைப் பலவீனமாக்கும். ஆய்வகத்தில் 14 நாள் ஈரத்தில் வைத்து, 14 நாள் உலரவிட்டு, உடனே உறைய வைக்கிறார்கள். ஸ்லாக் கலவைக்கு அந்த வயது போதாது. போதாததற்கு, உலரும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதன் மேல்தோலை இன்னும் நுண்துளை மிகுந்ததாக்குகிறது. இப்படி ஆய்வகத்தில் தோற்ற கலவைகள் கனடாவின் நடைபாதைகளில் பல குளிர்காலம் நன்றாகவே தாங்கியதும் உண்டு.

சரி, அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் சோதனை முறை. ஏஎஸ்டிஎம் சி672 என்றால் 50 சுற்றுக்குப் பிறகு கண்ணால் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது. 2021இல் விலக்கிக்கொள்ளப்பட்ட முறை அது. அதை மட்டும் வைத்து நான் எதையும் ஒதுக்க மாட்டேன். ஒன்டாரியோவின் எல்எஸ்-412இல் உதிர்ந்ததை எடை போடுவார்கள். சதுர மீட்டருக்கு 0.8 கிலோ வரை ஏற்பார்கள். கியூபெக் முறையில் உறைய வைக்குமுன் 7 நாள் உப்புக் கரைசலில் ஊறவிட்டு, 56 சுற்றுக்குச் சதுர மீட்டருக்கு 500 கிராம் என்று வரம்பு வைக்கிறார்கள். கலப்பு சிமென்டுக்கு இதுதான் களத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது. அந்த முறையில் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அதிலும் தோற்றால் கலவை வேண்டாம். இறுகிய கான்கிரீட்டில் குமிழ் இடைவெளி 0.23 மி.மீ.க்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது சரியில்லை என்றால் சிமென்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படியே தேறினாலும், கையால் தேய்த்து முடிக்கும் டிரைவ்வேக்கு ஸ்லாக்கை 25 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம். நீர்-சிமென்ட் விகிதம் 0.45ஐத் தாண்டக் கூடாது, காற்று 5 முதல் 8 சதவீதம், குறைந்தது 7 நாள் க்யூரிங் (ஈரம் காயாமல் வைத்திருப்பது). அக்டோபர் கடைசியில் வரும் வேலைக்கு இந்தக் கலவையைத் தொடாதீர்கள். முதல் குளிர்காலத்தில் உப்புக்குப் பதில் மணல் தூவும்படி வீட்டுக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.