டெஸ்க்டாப் வந்து வந்து மறைகிறதா?

பென்னாகரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: விண்டோஸ் 10 திறந்ததும் ஐகான்கள் தோன்றி, சில நொடியில் மறைந்து, திரும்ப வருகின்றன, மௌஸ் மட்டும் நகர்கிறது. இதற்காக உடனே சிபியுவைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கு பஸ் ஏற வேண்டாம். டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் நிரல்தான் விழுந்து விழுந்து எழுகிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எக்ஸ்ப்ளோரர் விழுந்தாலும் டாஸ்க் மேனேஜர் மறையாமல் இருக்கும். அதன் ஃபைல் மெனுவில் ரன் நியூ டாஸ்க் போய் eventvwr என்று அடித்து, விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள எர்ரரைத் தேடுங்கள். அதில் ‘ஃபால்டிங் மாட்யூல்’, அதாவது பிழை நேர்ந்த கோப்பு, எந்த மென்பொருளின் ஃபோல்டரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ரைட் கிளிக் மெனுவில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஜிப், பிடிஎஃப் மென்பொருள்கள் அடிக்கடி சிக்கும். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விண்டோஸின் சொந்தக் கோப்பே அங்கே தெரிந்தால், ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியே 4-ஐ அழுத்தி, அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குப் போங்கள். அங்கே டெஸ்க்டாப் நிலையாக நின்றால் குற்றவாளி வெளி மென்பொருளோ டிரைவரோதான். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். அங்கேயும் விழுந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் sfc /scannow கட்டளையை ஓட்டுங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போய்க் கெட்ட கோப்புகளை இது பல நேரம் மீட்டுவிடும்.