ரெக்சின் உரிந்தால் டோர் பேடையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் காருக்கு எட்டு வயதாகிறது. முன்கதவுகள் இரண்டிலும், கண்ணாடிக்குக் கீழே முழங்கை வைக்கும் இடத்தில் ரெக்சின் ஓரம் விட்டுத் தொங்குகிறது. சர்வீஸ் சென்டரில், 'ரெக்சின் மட்டும் தனியாக வராது, முழு டோர் பேடையும் (கதவின் உட்புறப் பலகை) மாற்ற வேண்டும்' என்று இரண்டுக்கும் சேர்த்து 17,000 ரூபாய் எழுதிக் கொடுத்தார்கள். தெருமுனை சீட் கவர் கடைக்காரர் 800 ரூபாயில் ஒட்டித் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். பல கார்களில் கம்பெனி அந்த ரெக்சினைத் தனியாக விற்பதில்லை. தவிர, ஒட்டும் வேலையில் சர்வீஸ் சென்டருக்கு லாபம் குறைவு. மறுபடி உரிந்தால் வசவு மட்டும் மிஞ்சும். அதனால் பேடு மாற்றும் யோசனைதான் அவர்களுக்கு முதலில் தோன்றும். 17,000 ரூபாயைக் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: விட்டது பசையா, செத்தது ரெக்சினா?

ரெக்சின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிவிசி. இயல்பில் அது விறைப்பான பொருள். எண்ணெய் போன்ற ஒரு ரசாயனத்தைக் கலந்துதான் அதைத் துணி போல வளைய வைக்கிறார்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி படியும் மங்கலான பிசுக்குக்கு இதுவும் ஒரு காரணம். ரசாயனம் போகப் போக ரெக்சின் சுருங்கி ஓரத்தை இழுக்கும். அதே சூட்டில் பசையும் இளகும். இரண்டும் சேர்ந்தால் ஓரம் கழன்றுவிடும்.

இப்போது விரல் நகத்தால் அந்த ரெக்சினை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் மெதுவாக எழும்பினால் அதற்கு உயிர் இருக்கிறது. ஓரத்தை லேசாக மடக்கும்போதே அப்பளம் போல நொறுங்கினால், எந்தப் பசையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்து, தொங்கும் பகுதியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய நுரை ரெக்சினோடு முழுதாக ஒட்டியிருந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக்கில் மஞ்சளாகக் காய்ந்த பசை மட்டும் தெரிந்தால், விட்டது பசைதான். சீட் கவர் கடைக்காரரிடமே போகலாம். நுரை பொடிப்பொடியாகக் கையில் ஒட்டினால் 800 ரூபாய் ஒட்டு அடுத்த கோடைக்குள் உரியும். அப்போது பழைய ரெக்சினையும் நுரையையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதே பேடின்மேல் புதிய ரெக்சின் போட்டுத் தரச் சொல்லுங்கள். குஷன் வேலை தெரிந்தவர்கள் செய்வார்கள். 800 ரூபாயை விடக் கூடுதலாகும். புதுப் பேடின் விலையை எட்டாது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பேடு வாங்கி மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் இதே அளவு வெயில் தின்ற பேடாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் எதைக் கொண்டு ஒட்டுகிறார் என்பதைக் கேளுங்கள். மர வேலைக்கான வெள்ளைப் பசை இங்கே உதவாது. பிளாஸ்டிக் அதை உறிஞ்சாது. நொடியில் ஒட்டும் ஃபெவிகுவிக் வகை இன்னும் மோசம். காய்ந்ததும் கண்ணாடி போல விறைத்து, கதவை நாலு முறை அறைந்து சாத்தினால் விட்டுவிடும். சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்தது போன்ற கறையையும் விட்டுச் செல்லும். தேவைப்படுவது ரப்பர் அடிப்படையிலான பசை, கடைகளில் சொல்யூஷன் என்பார்கள். அதிலும் வெப்பம் தாங்கும் ரகம் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பசையை முழுதாகச் சுரண்டி, பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். நீங்கள் பளபளப்புக்காக டேஷ்போர்டு பாலிஷ் போடுபவராக இருந்தால் இந்தத் துடைப்பு இரண்டு முறை நடக்கட்டும். அதிலுள்ள சிலிக்கான் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. பிறகு இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம், காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் நூல் இழுக்கக் கூடாது. அப்போதுதான் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் உள்ளே சிக்கிய ஆவி வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும். ரெக்சின் சுருங்கி ஓரம் எட்டாவிட்டால் ஹேர் டிரையரால் சூடாக்கி இழுக்கலாம். ஒரு நூலளவு இடைவெளிக்குச் சரி. விரற்கடை அளவுக்கு இழுத்து ஒட்டினால் மறுபடி பின்வாங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேடைக் கழற்றியதும் கதவின் இரும்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அது ஏதோ பேக்கிங் கவர் என்று நினைத்துக் கிழித்துப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். அது போனால் அடுத்த மழையில் கால்மிதி நனையும். எங்கிருந்து தண்ணீர் வருகிறதென்று தேடித் தேடி அலுத்துப் போவீர்கள். உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதியவை போடச் சொல்லுங்கள். கிளிப் குறைந்தால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் கதவு கடகடக்கும்.

கேள்வி: என் புதிய காருக்குப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. விலை ஒன்பது லட்சம். டேஷ்போர்டின் ஓரத்தில் ரெக்சின் எழும்பிவிட்டது. 'நீங்கள் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள், இது தேய்மானம், வாரண்டி கிடையாது' என்கிறார் டீலர்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மதுரையில் காரை வெயிலில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவதாம்? இந்த ஊரில் விற்கும் கார் இந்த ஊர் வெயிலைத் தாங்க வேண்டும். ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் இடம் தேய்ந்தால் அதைத் தேய்மானம் என்று சொல்லலாம். யார் கையும் படாத டேஷ்போர்டு ஓரம் பதினான்கு மாதத்தில் எழும்புவதை அப்படிச் சொல்வது பொருந்தாது.

நீங்களாக ஒட்டிவிடாதீர்கள்; வெளிக்கடையிலும் கொடுக்காதீர்கள். 'வெளியாள் கை வைத்துவிட்டார்' என்ற ஒரு வரி அவர்களுக்குப் போதும். டேஷ்போர்டில் ஏர்பேக் இருக்கிறது என்பது அதைவிட முக்கியமான காரணம். ஏர்பேக்கின் மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. அதன்மேல் பசையோ புது ரெக்சினோ ஏறக் கூடாது.

காரைச் சர்வீசுக்கு விடும்போது, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'டேஷ்போர்டு ரெக்சின் உரிகிறது' என்று எழுத வைத்து நகல் வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, டீலரோடு நிறுத்தாமல் கார் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டீலரும் தயாரிப்பாளரும் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஒன்பது லட்சத்துக்கு 200 ரூபாய்தான் கட்டணம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'காரையே மாற்றிக் கொடு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கிளட்ச் பழுது தொடர்பான ஒரு வழக்கில், பழுதான பாகத்தை மாற்றினால் போதும், முழுக் காரையும் மாற்றச் சொன்னது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. அந்தப் பாகத்தையும் அலைச்சலுக்கான இழப்பீட்டையும் கேளுங்கள்.

கேள்வி: 'லெதர்' என்று சொல்லிப் போட்ட சீட் கவர் ஒன்றரை ஆண்டில் செதில் செதிலாக உதிர்கிறது. உடையெல்லாம் கறுப்புத் துகள். ஒட்ட வழி உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. துணியின்மேல் பாலியூரிதீன் பூசிய செயற்கைத் தோலாகத்தான் அது இருக்கும். வியர்வையிலும் காற்றின் ஈரப்பதத்திலும் அந்தப் பூச்சே சிதைந்துபோகிறது. ஒட்டுவதற்குப் பொருள் மிச்சம் இல்லை. புதிய கவர்தான் போட வேண்டும்.

பில்லை எடுத்துப் பாருங்கள். 'லெதர்' என்று எழுதியிருந்தால் பொருளைப் பொய்யாக வர்ணித்து விற்றதாகப் புகார் செய்யலாம். 'சீட் கவர் 1 செட்' என்று மட்டும் இருந்தால் உங்கள் கை தளர்ந்துவிடும். பில்லே தரவில்லை என்றால், அதுவே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அடுத்த முறை பொருளின் பெயரையும் எத்தனை மாத வாரண்டி என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். உங்கள் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், அந்தப் பக்கம் திறந்திருக்கும் கவரோ அதற்கென்று தனித் தையல் போட்ட கவரோதான் வாங்க வேண்டும்.

கேள்வி: காரின் உட்கூரைத் துணி தொய்ந்து தலையில் இடிக்கிறது. குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். ஸ்பிரே பசை போதுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. அந்தத் துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய நுரை மக்கிப் பொடியாகிவிட்டது. பசை அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், கூரையைப் பிடிக்காது. ஸ்பிரே அடித்தால் துணியில் திட்டுத் திட்டாகக் கறை ஊறும். கூரைப் பலகையை வெளியே எடுத்து, பழைய நுரையைத் துடைத்தெடுத்து, நுரை பதித்த புதிய துணி ஒட்டுவதுதான் வழி. விலை பேசும்போது பலகையைக் கழற்றி மாட்டும் கூலியும் அதில் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள். பலர் அதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள். குண்டூசிகளை இன்றே எடுத்துவிடுங்கள், குறிப்பாகக் கூரையின் பக்கவாட்டிலிருந்து விரியும் திரை ஏர்பேக் உள்ள காராக இருந்தால்.