படகு இழுக்கும் கெப்புக்கு எந்த மீற்றர்?

தம்பி, திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் படகு இழுக்கிற ஓட்டோ கியர் டீசல் கெப்புக்கு பூஸ்ட் மீற்றர் (டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) போடவா என்று கேட்டிருந்தீர்கள். பூஸ்ட் பார்க்க வடிவு, அவ்வளவுதான். முதலில் கியர் ஒயில் சூடு காட்டுவதைப் போடுங்கள். 80, 90 பாகையில் நின்றால் சரி, 120ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஒயில் சீக்கிரம் கெட்டுவிடும். அப்புறம் புகைச் சூடு, அதாவது என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூடு, காட்டுவது. அதன் சென்சரை டர்போவுக்கு முன்னால் பொருத்தச் சொல்லுங்கள், பின்னால் வைத்தால் குறைத்துத்தான் காட்டும், ஏற்றத்தில் 700 பாகையை நெருங்கினால் அக்சிலேட்டரில் காலைத் தளர்த்துங்கள். ஹபரணை வரை பெரும்பாலும் சமதரை, மாத்தளை தாண்டித்தான் சோதனை. டாஷ்போர்டுத் தண்ணிச்சூட்டு முள்ளை நம்பாதீர்கள், பல வண்டிகளில் சூடு ஏறினாலும் அது கனநேரம் நடுவிலேயே நிற்கும். காசு இறுக்கமென்றால் வண்டியின் கணினித் தரவை வாசிக்கிற ஓபிடி ஸ்கேனரைச் செருகி போனில் பாருங்கள், தண்ணிச் சூடாவது சரியான எண்ணாகத் தெரியும்.